பதினோராம் பக்கத்து வினைச்சொல்

1957 மார்ச் நான்காம் தேதி காலை, பாஸ்கம் குடாப் பள்ளியின் நாற்பத்தொரு பிள்ளைகளும் ஒரே குரலில் ஆங்கிலத்தில் 'படகு மூழ்குகிறது' என்று சொன்னார்கள். அலையே இல்லாத தண்ணீரில் நங்கூரமிட்டிருந்த டின்ஸ்மோரின் படகு மூழ்கியது. அதில் ஆளில்லை. அதனால் கரியாக்கூ தீவின் அந்த மீனவ ஊர் முதலில் சிரிக்கத்தான் செய்தது. டின்ஸ்மோர் மட்டும் பள்ளி வாசலில் நின்று கத்தினான். "உங்க இலக்கணத்துக்கு என் படகுதான் கெடச்சுதா டீச்சர்? 'தின்னு'ன்னு ஒரு வார்த்தையச் சொல்லிக்குடுங்களேன், புள்ளைங்க வயிறாவது ரொம்பட்டும்!"

லெனோரா கட்ஜோ டீச்சரும் சிரித்தாள். பாடப்புத்தகத்தின் பதினோராம் பக்கத்தில் இருந்த அந்த வினைச்சொல் முரட்டு வகை. காலம் மாறினால் மற்ற சொற்களைப் போல வாலில் எதையும் ஒட்டிக்கொள்ளாது, வயிற்றுக்குள்ளேயே எழுத்தை மாற்றிக்கொள்ளும்: சிங்க், சேங்க், சங்க். மறுநாள் இறந்தகாலம். 'படகு மூழ்கியது' என்று பிள்ளைகள் சொன்னார்கள். கடலில் எதுவும் நடக்கவில்லை. மத்தியானம் வீட்டுக்குப் போகும் வழியில், காலையில் ஃபெர்கஸ் கொடுத்த மீனுக்கு நன்றி சொல்ல அவன் மனைவி மெல்டாவின் வாசலில் லெனோரா நின்றாள்.

"அவரா?" என்றாள் மெல்டா. "அவரு படகோட போயி மூணு வருஷம் ஆச்சே டீச்சர். நீங்கதானே அடக்கத்துல பாட்டுப் பாடுனீங்க?" உள்ளே வேறொரு ஆணின் இருமல் கேட்டது. கல்லறைத் தோட்டத்தில் ஃபெர்கஸின் சிலுவையில் பாசி ஏறியிருந்தது. லெனோரா ஓட்டமும் நடையுமாக வீட்டுக்கு வந்து சட்டியைத் திறந்தாள். மீன் இருந்தது. செவுள் இன்னும் சிவப்பாகவே இருந்தது.

இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. அவளைத் தவிர ஊரில் ஒருவருக்கும் பழையது நினைவில்லை. அன்று சாயங்காலமே எல்லாப் புத்தகங்களிலும் பதினோராம் பக்கத்தைப் பசை தடவி ஒட்டினாள். பாதிப் பசை பாவாடையில் சிந்தியது.

வெள்ளிக்கிழமை பள்ளி ஆய்வாளர் லாக்ஹார்ட் கப்பலில் வந்து இறங்கினார். அன்று கடலுக்குப் போயிருந்தது ஒரே படகு: லெனோராவின் கணவன் ஆல்பனுடையது, ஆறு பேரோடு. லாக்ஹார்ட் ஒட்டிய பக்கத்தை நகத்தால் பிரித்தார்.

"இந்த வினை வேண்டாம் சார்," என்றாள் லெனோரா. "வேற எதுவேணா கேளுங்க."

"பயமா டீச்சர்? பாடம் நடத்தாம விட்டீங்களா?" என்று சிரித்த ஆய்வாளர், முன்வரிசைச் சிறுமியை எழுப்பினார். "நீ சொல்லும்மா. 'படகு', 'மூழ்கு'. எல்லாக் காலத்துலயும்."

அந்தச் சிறுமியின் அப்பாவும் ஆல்பனின் படகில்தான் இருந்தார். அவள் வாயைத் திறந்தாள்.

"உக்காரு!" என்று லெனோரா கத்தினாள். "நான் சொல்றேன் சார். ஆனா படகு இல்ல. தன்மை ஒருமை."

'நான் மூழ்குகிறேன்' என்றாள். தரைப்பலகை அவள் கணுக்காலை விழுங்கியது. 'நான் மூழ்கினேன்' என்றாள். முழங்கால்வரை இறங்கினாள், அவளைச் சுற்றிப் பலகை பல வருடம் தேய்ந்தது போல வழவழத்தது. 'நான் மூழ்குவேன்' என்றபோது இடுப்புவரை போயிருந்தாள். பிள்ளைகள் அழக்கூட மறந்தார்கள். வெளிறிப்போன லாக்ஹார்ட், பழக்க தோஷத்தில், "நிபந்தனை?" என்றார்.

ஆங்கிலத்தில் 'இப்படி நடந்தால்' என்ற நிபந்தனையை வாக்கியத்தின் கடைசியில் வைக்கலாம். 'நான் முழுவதும் மூழ்குவேன், ஒருவேளை' என்று தொடங்கி, லெனோரா வாயை மூடிக்கொண்டாள். நிபந்தனை முடியாததால் பலகையும் அவள் இடுப்போடு நின்றுவிட்டது.

நான்கு மணிக்கு ஆறு பேரும் கரையேறினார்கள். ஆல்பன் பள்ளிக்கு ஓடிவந்து அவளருகே மண்டியிட்டான். "ஒருவேளை என்ன, லெனோரா?" அவள் அவன் வாயைப் பொத்தினாள். ரம்பம் கொண்டுவந்து பலகையை அறுத்துப் பார்த்தான். அறுக்க அறுக்க மரம் மூடிக்கொண்டது. அடியில் மணல் இருந்தது. கடல் பெருகும் நேரங்களில் உள்ளங்காலில் ஈரம் ஏறுவதாக அவள் சொன்னாள், அப்போதெல்லாம் அவன் கையை விடமாட்டாள்.

அதற்குப் பிறகு அந்த வாக்கியத்தின் மிச்சத்தை ஊரில் யாரும் அவளிடம் கேட்கவில்லை. இருபத்தாறு வருடம் அவள் அங்கிருந்தே பாடம் நடத்தினாள். ஆய்வாளரின் அறிக்கையில், உச்சரிப்பு நன்று என்றும், கரும்பலகையை மூன்றடி இறக்கி மாட்ட வேண்டும் என்றும் எழுதியிருந்தது. அடுத்த திங்கட்கிழமை மாட்டினார்கள்.