மாவுப்பையில் வந்த பச்சோந்தி

1

இந்தக் கதை ஒரு போன் பேச்சில் பிறந்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்; பிறகு கற்பனை வளம் அது இது என்று யாரும் என்னைப் பாராட்டித் தொலைக்கக் கூடாது.

சித்தி ஏதேதோ பேசிக்கொண்டிருந்தாள். நடுவில், "பாம்புக்கு இமை கிடையாதுடி. காலில்லாத பல்லின்னு ஒண்ணு இருக்கு, அதுக்கு உண்டு. கண்ணைச் சிமிட்டுச்சுன்னா பயப்படாதே, அது பல்லிதான்" என்றாள்.

சுவரில் பல்லியைக் கண்டால் நாற்காலிமேல் ஏறி நிற்பவள் என்று எங்கள் குடும்பத்தில் பேர் வாங்கியவள் சித்தி. "இதெல்லாம் உனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டேன்.

"நான் வேலை பார்த்த இடம் அப்படி."

சித்தி உயிரியல் பூங்காவில் டிக்கெட் கொடுத்தவள் என்பது எல்லோருக்கும் தெரியும். எந்தக் கவுண்டரில் என்று நாங்கள் யாரும் கேட்டதில்லை.

2

முதல் தொடக்கம்: "உலகில் ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட பல்லியினங்கள் வாழ்கின்றன."

(பரீட்சைக்குப் படிப்பது போல இருக்கிறது. அடித்துவிட்டேன்.)

இரண்டாவது தொடக்கம்: "அவள் பல்லிகளைக் கண்டால் நடுங்குவாள், அவனோ அவற்றுக்காகவே வாழ்ந்தான். ஒரு மழைநாளில் அவர்களுடைய கண்கள்..."

(இதற்கு மேல் வெட்கமாக இருந்தது. ஆனாலும் இந்த வழியில்தான் பக்கம் பக்கமாக எழுதித் தள்ளினேன். அது என்ன ஆயிற்று என்று சொல்கிறேன்.)

மூன்றாவது: "சித்திக்கு அப்போது இருபத்தாறு வயது."

இது நிற்கட்டும்.

3

சித்திக்கு அப்போது இருபத்தாறு வயது. யானைக் கொட்டகை, குரங்குக் கூண்டு, பறவைக் கூடம், எல்லாக் கவுண்டருக்கும் ஆள் கிடைத்தது. ஊர்வனக் கூடத்து வாசலுக்கு மட்டும் கிடைக்கவில்லை. புதிதாகச் சேர்ந்தவள் தலையில் அது வந்து விழுந்தது. சேர்ந்த நாளிலிருந்தே கூடத்துக்கு முதுகைக் காட்டியே உட்கார்ந்திருந்தாள்.

கூடத்தைப் பார்த்துக்கொண்டவரை எல்லோரும் பல்லிக்காரர் என்றே கூப்பிடுவார்கள். ஒல்லியான மனிதர். சட்டைப்பையில் எப்போதும் ஒரு டப்பா புழு இருக்கும். அவர் சித்தியை உள்ளே வரச் சொல்லவே இல்லை. டீ குடிக்க வெளியே வரும்போது கவுண்டர் ஜன்னலில் சாய்ந்துகொண்டு கதை சொல்வார். எங்கேயோ ஒரு பாலைவனத்தில் கொம்பு முளைத்த ஓணான் இருக்கிறதாம். நரி வந்தால் கண்ணிலிருந்து ரத்தம் பீய்ச்சுமாம். ஒரு தீவில் கடலுக்குள் முங்கிப் பாசி மேய்கிற ஓணான், கரையேறி உப்பைத் தும்முமாம். இன்னொரு காட்டில் விலா எலும்பை விசிறி மாதிரி விரித்து மரத்துக்கு மரம் மிதந்துபோகிற ஒன்று. ஆணே இல்லாமல், பெண்களாகவே முட்டையிட்டுப் பெருகும் ஒரு கூட்டம் வேறு.

"நல்லா இருக்கே. எனக்கு மாப்பிள்ளை தேடுற எங்க வீட்டு ஆளுங்ககிட்ட சொல்லணும்" என்றாளாம் சித்தி.

(இங்கிருந்துதான் என் காதல் கதை கிளம்பியது. ஜன்னல், டீ, பல்லிக்காரரின் தயங்கிய பார்வை. எழுதியதைப் போனில் சித்திக்கு வாசித்துக் காட்டினேன். சிரித்துச் சிரித்து அவளுக்கு இருமல் வந்துவிட்டது. "பல்லிக்காரரா? அவருக்குக் கல்யாணமாகி, வீட்ல அவங்களுக்கு நிறைமாசம்டி. எழுதுறதுக்கு முன்னாடி கேக்க மாட்டியா?" அத்தனை பக்கமும் குப்பைக்குப் போயின.)

4

ஒரு சின்னத் தடங்கல். பல்லி, பல்லி என்று எழுதிக்கொண்டே போகிறேனே, அது சரியா? நம் மொழியில் சுவரில் ஒட்டியிருப்பதுதான் பல்லி. வேலியில் தலையாட்டுவது ஓணான், பளபளவென்று ஓடுவது அரணை, நாக்கை நீட்டி நீட்டி நடப்பது உடும்பு. ஒவ்வொன்றையும் தனித்தனி ஆளாகவே பார்த்துப் பேர் வைத்திருக்கிறோம். எல்லாவற்றையும் ஒரே சொல்லில் அடைக்கிற வேலை பின்னால் வந்தது. ஒரு மழைநாளில் சித்திக்கும் தனித்தனியாகப் பார்க்க வேண்டிய நிலை வந்தது. அதனால்தான் இதைச் சொல்கிறேன்.

5

அன்று காலையிலிருந்தே காற்றும் மழையும். பல்லிக்காரரின் மனைவிக்கு வலி எடுத்துவிட்டதென்று ஆள் வந்து சொல்ல, அவர் ஆஸ்பத்திரிக்கு ஓடினார். மதியம் கரண்ட் போயிற்று. கூடத்தில் ஒவ்வொரு கண்ணாடிப் பெட்டிக்கும் மேலே எரிந்த சூட்டு விளக்குகள் ஒருசேர அணைந்தன.

பல்லிகளுக்கு உடம்புச் சூடு சொந்தமில்லை. வெயிலோ விளக்கோ கொடுத்தால்தான் உண்டு. பல்லிக்காரர் சொல்லி இது சித்திக்குத் தெரியும். ஆபீசுக்குப் போன் போட்டாள். ஜெனரேட்டர் பறவைக் கூடத்துக்கே போதவில்லை, கொஞ்சம் பொறுங்கள் என்றார்கள். அவள் பொறுத்துப் பார்த்தாள். பிறகு வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து முதல்முறையாகத் திரும்பி உட்கார்ந்தாள். உள்ளே பச்சோந்தி கன்னங்கரேலென்று ஆகியிருந்தது. பெரிய பச்சை ஓணான் கிளையிலிருந்து விழுந்து விறகுக்கட்டை மாதிரி கிடந்தது.

மழையில் ஓடினாள். பூங்காவில் புகை வந்த ஒரே இடம் கேன்டீன். அங்கே மாஸ்டர் மாவு பிசைந்துகொண்டிருந்தார். அதுவரை இருவரும் பேசியதெல்லாம் டீக்குச் சர்க்கரை எவ்வளவு என்பது மட்டும்தான்.

"மாஸ்டர், அடுப்பு எரியுதா?"

"எரியுது. டீ வேணுமா மேடம்?"

"பல்லிங்கள வைக்க இடம் வேணும். இல்லேன்னா செத்துடும்."

அவர் அவளைப் பார்த்தார். கையிலிருந்த மாவைத் துடைத்துக்கொண்டார். "எத்தனை பேரு?" என்று கேட்டார்.

(சித்தி போனில் இந்த இடத்தில் நிறுத்தினாள். "எத்தனை பேருன்னு கேட்டாருடி" என்று இன்னொரு தடவை சொன்னாள்.)

6

மாவு வந்த துணிப்பைகளை உதறி எடுத்துக்கொண்டு இருவரும் கூடத்துக்குப் போனார்கள். முதலில் ஒரு மரப்பல்லி. சித்தி கண்ணை மூடிக்கொண்டு பிடித்ததில் வால் மட்டும் கையில் மிஞ்சி, அது பாட்டுக்குத் துள்ளியது. அவள் அலறவில்லை. அலற நேரமில்லை என்றாள். பச்சோந்தியைப் பைக்குள் விடப் பார்த்தால் அது அவள் விரலைக் குழந்தை மாதிரி இறுகப் பிடித்துக்கொண்டு விடவில்லை. ஒரு கண்ணால் அவளையும் இன்னொரு கண்ணால் மாஸ்டரையும் பார்த்தது. தடித்த அரணை ஒன்று நீல நாக்கைக் காட்டி மிரட்டியது. கொம்பு ஓணான் ரத்தம் பீய்ச்சவில்லை. அதற்கும் தெம்பில்லை.

ஒரு பெட்டி முன்னால் மாஸ்டர் நின்றுவிட்டார். "மேடம், இது பாம்பு. நான் தொடமாட்டேன்."

"கண்ணைச் சிமிட்டுது பாருங்க. பாம்பு சிமிட்டாது."

அவர் குனிந்து உற்றுப் பார்த்தார். அது சிமிட்டியது. "நீங்க சொன்னா சரி" என்று பையை விரித்தார்.

கேன்டீனில் பன் அடுக்கும் தட்டுகளில் பைகளை அடுப்போரமாக அடுக்கினார்கள். சூடு ஏற ஏறப் பைகள் அசையத் தொடங்கின. ஒரு பையின் முடிச்சு அவிழ்ந்து, பின்னங்காலால் ஓடுகிற மெலிந்த ஓணான் ஒன்று குதித்து, பாத்திரம் கழுவும் தொட்டியில் நிறைந்திருந்த தண்ணீர்மேல் தடதடவென்று ஓடி மறுபக்கம் ஏறியது. முங்கவே இல்லை. மாஸ்டர் கரண்டியோடு அப்படியே நின்றார்.

"இது தண்ணிமேல ஓடும்" என்றாள் சித்தி.

"பார்த்தேன் மேடம்."

7

மிச்சம் இருந்தது உடும்பு. ஆள் நீளம். இரண்டு பேரால் தூக்க முடியாது, பையிலும் அடங்காது. இங்கே மூன்று முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

அ) உடும்பு இறந்துவிடுகிறது. (அழவைப்பது சுலபம். வேண்டாம்.)

ஆ) உடும்பு மாஸ்டரைக் கடிக்கிறது. சித்தி தன் துப்பட்டாவைக் கிழித்துக் கட்டுப்போட, இருவரும் (ஐயோ.)

இ) நடந்தது. மாஸ்டர் கேன்டீனிலிருந்து வெந்நீர் சுமந்து வந்தார். சித்தி அதைப் பாட்டில்களில் ஊற்றி, மேஜை விரிப்பில் சுற்றி உடும்பின் இருபுறமும் வைத்தாள். ஆறினால் மறுபடி வெந்நீர். போக வர, போக வர. நடுவில் சித்தி அதன் முதுகில் கையை வைத்துப் பார்த்தாள். காய்ந்த கயிற்றுப்பாய் மாதிரி இருந்ததாம். அடியில் எங்கோ மெதுவாக மூச்சு போய் வந்தது. பயம் எப்போது போயிற்று என்று கேட்டேன். "போகல. அதை வெச்சுக்கிட்டே உக்காந்திருந்தேன்" என்றாள்.

பொழுது சாயும்போது கரண்ட் வந்தது. நனைந்த கோழியாக ஓடிவந்த பல்லிக்காரர் வாசலில் நின்று, "பொண்ணு பொறந்திருக்கா" என்றார். பிறகுதான் காலிப் பெட்டிகளைப் பார்த்து உள்ளே பாய்ந்தார். உடும்பு பிளவுபட்ட நாக்கை வெளியே நீட்டி அவரை மோப்பம் பிடித்தது. அதன்பிறகு அது பல வருஷம் இருந்தது.

8

கேன்டீன் மாஸ்டர்தான் என் சித்தப்பா. இந்த வருடத் தொடக்கத்தில் இறந்துபோனார். அதற்குப் பிறகுதான் சித்தி போனில் நிறையப் பேசத் தொடங்கினாள்.

அதனால் கடைசிப் பகுதிக்குக் குறிப்பெல்லாம் எடுத்து வைத்திருந்தேன்: கல்யாணம், வாடகை வீடு, ஊர்வனக் கூடத்தை இடித்து வண்டி நிறுத்துமிடம் ஆக்கியது, ஆஸ்பத்திரி, சித்தப்பாவின் கை மெலிந்துபோன மாதங்கள். எழுத உட்கார்ந்த அன்று சித்தி கூப்பிட்டாள்.

"கதை எதுவரைக்கும் வந்திருக்கு?"

"உடும்பு வரைக்கும்."

"அவரு என்ன பண்றாரு இப்போ?"

"வெந்நீர் எடுத்துட்டு வர்றாரு."

"மழை பெய்யுதா?"

"பெய்யுது."



"அதோட விட்டுடேன்" என்றாள்.

"அதுக்கப்புறம் என்ன ஆச்சுன்னு படிக்கிறவங்க கேப்பாங்க சித்தி."

"அவங்க வீட்லயும் யாராவது இருந்திருப்பாங்கல்ல? அவங்களே முடிச்சுக்கட்டும்."

குறிப்புகளை எடுத்து வைத்துவிட்டேன். மற்றது உங்கள் பாடு. நான் எழுதியிருக்கும் இடத்தில் மழை இன்னும் விடவில்லை. வழுக்குகிற பாதையில், தலையில் ஒரு மாவுப்பையைக் கவிழ்த்துக்கொண்டு, இரண்டு கையிலும் ஆவி பறக்கும் கெட்டில்களோடு சித்தப்பா வந்துகொண்டிருக்கிறார். சித்தி காற்றில் அடித்துக்கொள்ளும் கதவை முதுகால் தாங்கிப் பிடித்தபடி நிற்கிறாள்.

"பாத்து வாங்க" என்கிறாள்.