அம்மன் பக்கம் சாய்ந்த நெருப்பு

1958ஆம் ஆண்டு ஆவணி மூன்றாம் நாள் முதல் நாரணாபுரத்தில் பற்றவைத்த நெருப்பெல்லாம், காற்றில்லாதபோதும், சிவகாசி இருக்கும் திசைக்கே சாய்ந்து எரிந்தது. அதற்கு முந்தைய நாள்தான் ஊர்க்கோயிலின் பஞ்சலோக அம்மன் சிலை களவு போயிருந்தது. பெண்கள் உலைப்பானையைச் சற்றுத் தள்ளி வைத்துச் சமைக்கப் பழகிக்கொண்டனர். காவல்துறையோ கோயிலின் வெளிவாசல் காவலரான சின்னச்சாமியைப் பிடித்துச் சிறையில் அடைத்தது. அவர் குலத்தார் எவரையும் கருவறைப் படி மிதிக்க ஊரார் விட்டதில்லை. உள்ளே வரக் கூடாது என்று அவரை ஆயுள் முழுதும் தடுத்தவர்களே, உள்ளே புகுந்து திருடினான் என்று கூசாமல் கையொப்பமிட்டனர்.

அவர் மனைவி கருப்பம்மாள் ஒரு தீப்பெட்டியுடன் புறப்பட்டார். தெருமுக்குக்கு ஒரு குச்சி கிழித்து, சுடர் சாய்ந்த பக்கமே நடந்து, ஒரு பட்டாசுக் கம்பெனியின் வாசலை அடைந்தார். தீப்பெட்டி உள்ளே போகலாகாது என்று அங்கே பிடுங்கிக்கொண்டார்கள். நெருப்பு நுழையாத இடம் என்பதாலேயே திருடியவர்கள் அம்மனையும் அங்கே ஒளித்திருந்தார்கள். வேறு ஊர் சொல்லி வேலைக்குச் சேர்ந்த கருப்பம்மாள், மூன்று வாரம் புஸ்வாணக் கூடுகளில் மருந்து அடைத்தபடி வேவு பார்த்தார். ஏற்றுமதி ஏஜெண்டு லட்சுமிகாந்தம் ஒரு மரப்பெட்டிக்கு மட்டும் தம் கையாலேயே ஆணி அடித்தார். லேபிள் ஒட்டியபின் அது நூறு பெட்டிகளுள் ஒன்றாகிவிட்டது. லோடு தூத்துக்குடிக்குப் போய்க் கப்பலேறினால் அம்மனும் இல்லை, சின்னச்சாமிக்கு விடுதலையும் இல்லை.

கருப்பம்மாள் இன்ஸ்பெக்டர் இராமகிருஷ்ணனிடம் போய்ச் சொன்னார்.

"எந்தப் பெட்டிம்மா?"

"புஸ்வாணம் காட்டிக் குடுக்கும்யா."

"அதை நான் ரிப்போர்ட்டுல எழுதவா?"

"எம் புருசன் கருவறைக்குள்ள போனான்னு எளுதுனீகள்ல. அதுக்கு இது நம்புறாப்புலதான் இருக்கு."

லோடு ஏற்றும் நாளன்று இன்ஸ்பெக்டர் சாதாரண உடையில் கம்பெனிக்கு வந்து நின்றார். பெட்டிகளை லாரியில் ஏற்றுமுன் சரக்கில் ஒன்றை மைதானத்தில் கொளுத்திப் பார்ப்பது அங்கே வழக்கம். நேரமாகிறது, வேண்டாம் என்றார் லட்சுமிகாந்தம்.

"சாம்பிள் பாக்காம எந்த லோடும் வாசலத் தாண்டாதுங்க. நமத்துக் கெடந்தா எங்க பேருல்ல கெடும்?" என்றார் போர்மேன் கண்ணுச்சாமி.

கருப்பம்மாள் பற்றவைத்தார். பொறிகள் பனையுயரம் எழுந்து, வில்லாக வளைந்து, நூறு முழம் கடந்து, அடுக்கின் மூன்றாம் வரிசையில் ஒரே ஒரு பெட்டியின்மீது பூவாகச் சொரிந்தன. ஒரு திரிகூடப் பற்றவில்லை. ஓடிய லட்சுமிகாந்தத்தைச் சுமைதூக்குவோர் மடக்கினர். பெட்டியைத் திறந்தபோது வைக்கோலுக்குள் அம்மன் வெதுவெதுப்பாக இருந்தாள்.

மறு ஆண்டு வந்த தீர்ப்பில் நான்காம் சாட்சி, 'புஸ்வாணம், ஒன்று' என்று பதிவாகியிருக்கிறது. குறுக்கு விசாரணை இல்லை என்று எதிர்த்தரப்பு வக்கீல் எழுதிக் கொடுத்தார். சிலையைக் கோயில் காவலரிடமே ஒப்படைக்குமாறு நீதிபதி உத்தரவிட்டார். சின்னச்சாமி அம்மனைத் தோளில் சுமந்து கருவறைப் படியேறினார். பொய்க் கையொப்பமிட்டவர்கள் ஒதுங்கி வழிவிட்டனர். பின்னாலேயே சென்ற கருப்பம்மாள் நான்கு சுவரையும் ஒருமுறை சுற்றிப் பார்த்தார்.

"உள்ள இம்புட்டு எடந்தானா?" என்றார்.