ஒன்றாம் எண்

மூன்றாம் மாடியில் ஒரு போனும் பேசவில்லை. எல்லாத் திரையிலும் ‘இணைப்பைத் தேடுகிறது’ என்றே நின்றது. திட்டு மட்டும் தங்குதடையின்றி அவளை வந்து சேர்ந்தது. நெட்வொர்க் வேலையில் அவள்தான் புதியவள். வேலை நிரந்தரமா, இல்லையா என்று மேனேஜர் இன்று மாலை கையெழுத்துப் போட வேண்டும். வீட்டில் முதல் பட்டதாரி. அப்பா அதற்குள் தெரு முழுக்கத் தம்பட்டம் அடித்துவிட்டார்.

“புதுசு! நீ கை வச்சா வெளங்கிடும் போ,” என்றார் சீனியர், நாற்காலியில் சாய்ந்தபடி.

“நான் தொடவே இல்லண்ணே.”

“அப்ப பேய் வந்து தொட்டுச்சா?”

பல்லைக் கடித்துக்கொண்டு மேஜைக்கு மேஜை போய்ப் பார்த்தாள். ஒவ்வொரு போனின் நெட்வொர்க் முகவரி எண்ணும் சரியாகத்தான் இருந்தது. அந்த மாடிப் போன்களெல்லாம் வெளியே போக ஒரே வாசல்தான். அதன் முகவரி ‘ஒன்று’ என்ற எண்ணில் முடியும். லேப்டாப்பிலிருந்து அந்த வாசலைக் கூப்பிட்டாள். பதில் சொன்னது வாசல் அல்ல, ஏதோ ஒரு போன். எந்த ஒயர் என்று தேடிப் போனால், அது மேனேஜர் அறைக்குள் நுழைந்தது.

சீனியரும் பின்னாலேயே ஓடி வந்தார்.

“சார், உங்க போனுக்கு ஒண்ணாம் நம்பரை யார் போட்டது?” என்று கேட்டாள்.

“நேத்து சாயங்காலம் இவன்தான் போட்டான், நான் சொல்லி. அக்கவுண்ட்ஸ்காரனுக்குப் பத்து, எனக்கு நாப்பத்தேழா? இந்த மாடிக்கு நான்தான் ஒண்ணு.”

சீனியர் முகத்தில் ஈயாடவில்லை. வாசலின் முகவரியைத் தூக்கி மேனேஜருக்குத் தாரை வார்த்திருந்தார் மனிதர். மாடியிலிருந்த போன்களெல்லாம் வாசலென்று நினைத்து மேனேஜர் போனையே தட்டிக்கொண்டிருந்தன.

அவள் மேனேஜர் போனின் ஒயரைப் பிடுங்கினாள். சற்று நேரத்தில் வெளியே ஒரு போன் மணியடித்தது. பிறகு இன்னொன்று. பிறகு மாடியே அலறியது.

மேனேஜர் தொண்டையைச் செருமினார். “சரி சரி. ‘நான்தான் தப்பா போட்டுட்டேன்’னு எல்லாருக்கும் ஒரு மெயில் தட்டிடு. சின்னப் பொண்ணுதானே, மன்னிச்சிடுவாங்க. சாயங்காலம் கையெழுத்துப் போட்டுடறேன்.”

“ஒத்துக்கோ தங்கச்சி,” என்றார் சீனியர். “பொழைக்கிற வழியைப் பாரு.”

காலையில் புதுசு, இப்போது தங்கச்சி. அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“நீங்க பண்ணின கூத்துக்கு நான் மன்னிப்புக் கேக்கணுமா? அதுக்கா எங்கப்பா என்னைப் படிக்க வச்சாரு?”

“அப்ப வேலை இல்ல,” என்றார் மேனேஜர். “என் நம்பரும் மாறாது. மத்தவனுக்கெல்லாம் மாத்து.”

“வேலைதான் இல்லையே, நான் எதுக்கு மாத்தணும்?”

கையிலிருந்த ஒயரை மறுபடி அவர் போனில் செருகினாள். கிளிக்.

“நீயே ஒண்ணா இரு.”

பையை எடுத்துக்கொண்டு அவள் படியிறங்கும்போது மேலே மணிச் சத்தம் அடங்கிவிட்டிருந்தது. “ஹலோ... ஹலோ...” என்று ஆளுக்கொரு மூலையில் கத்திக்கொண்டிருந்தார்கள்.