அறுபது கிலோவுக்குள்

சத்யப்ரியா நான்கு நாட்களாகச் சோற்றைத் தொடவில்லை. அவளுடைய கல்லூரிக் கபடி அணி இருபத்தேழு வருடம் கழித்து ஞாயிற்றுக்கிழமை ஒத்தக்கடையில் கூடுகிறது. இப்போதைய மாணவிகளோடு ஒரு ஆட்டம். அதற்குள் கொஞ்சமாவது இளைத்துவிட வேண்டும் என்று எலுமிச்சைத் தண்ணீரோடு நிறுத்திக்கொண்டாள்.

அந்தக் காலத்தில் அப்படித்தான் செய்வாள். அறுபது கிலோவுக்குள் இருந்தால்தான் களத்தில் இறக்குவார்கள். எழுமலையில் நடந்த இறுதி ஆட்டத்துக்கு இரண்டு நாள் அரை வாழைப்பழத்தில் கிடந்து, எடை பார்த்த கையோடு அணித் தோழி முத்துமீனா ஒளித்து வைத்திருந்த புரோட்டாவை நின்றபடியே தின்றாள். லாரியில் ஏறிப் புழுதியும் பாட்டுமாக ஊர் திரும்பியதை நினைத்தால் இன்றைக்கும் சிரிப்பு வரும்.

ஆனால் இப்போது அவளுக்குச் சர்க்கரை. சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றும் புது மாத்திரை ஒன்றை மூன்று மாதமாக விழுங்குகிறாள். பட்டினி கிடந்த நாட்களிலும் அதைத் தவறவிடவில்லை. அதை விட்டால்தான் ஆபத்து என்று நினைத்தாள்.

சனிக்கிழமை காலை வாந்தி எடுத்தாள். வயிறு வலித்தது. உட்கார்ந்த இடத்திலேயே ஓடி வந்தவள்போல மூச்சு வாங்கியது. கணவர் அழகுபாண்டி விரலில் குத்திப் பார்த்தார். நூற்று ஐம்பத்திரண்டு. சர்க்கரை சரியாகத்தானே இருக்கிறது, பித்தமாக இருக்கும் என்றார்.

நாளைக்கு வர முடியாது போலிருக்கிறது என்று சொல்லத்தான் முத்துமீனாவுக்குப் போன் செய்தாள். முத்துமீனா மேலூர் ரோட்டில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். விளையாட்டைப் பற்றி அவள் ஒன்றும் கேட்கவில்லை.

"சாப்பிட்டு எத்தனை நாளாச்சு புள்ள? மாத்திரை போட்டியா?"

பதிலைக் கேட்டதும் போனை அழகுபாண்டியிடம் கொடுக்கச் சொன்னாள்.

"அண்ணே, சர்க்கரை அளவை நம்பாதீங்க. இப்பவே கூட்டிட்டு வாங்க. அந்த மாத்திரை அட்டையையும் எடுத்துக்கங்க."

ஆஸ்பத்திரியில் ரத்தத்தில் கீட்டோன் பார்த்தார்கள். நாலரை இருந்தது. ஒன்றரையைத் தாண்டினாலே கவலைப்பட வேண்டும் என்றார் டாக்டர். பட்டினியில் உடம்பு கொழுப்பை எரிக்கும்போது கீட்டோன் என்ற அமிலம் உண்டாகும், இந்த மாத்திரையும் சேர்ந்தால் அது எகிறி ரத்தமே புளித்துப்போகும், சர்க்கரை மட்டும் ஏறாமல் ஏமாற்றும் என்று விளக்கினார். மாத்திரையை உடனே நிறுத்தினார். கீட்டோனை அடக்க இன்சுலின், சர்க்கரை இறங்கிவிடாமல் இருக்கக் குளுக்கோஸ் என்று இரண்டும் ஏறின. மணிக்கொரு தரம் முத்துமீனா வந்து பார்த்துப் போனாள்.

திங்கட்கிழமை மாலை கீட்டோன் இறங்கியிருந்தது. வேறு மாத்திரை எழுதிக் கொடுத்த டாக்டர், சாப்பிட முடியாமல் போனாலோ வாந்தி வந்தாலோ சர்க்கரை அளவைப் பார்த்துச் சும்மா இருக்காமல் உடனே வரச் சொன்னார்.

அப்போதுதான் பழைய அணி அறைக்குள் நுழைந்தது. கேப்டனாக இருந்த மாயக்காள் கட்டிலிலேயே உட்கார்ந்துகொண்டாள். ஆறு பேராக ஆடி, பதினெட்டுப் புள்ளி வித்தியாசத்தில் தோற்றார்களாம்.

"என்னால கெட்டுச்சு," என்றாள் சத்யப்ரியா.

"நீ வந்திருந்தா இருபதுல தோத்திருப்போம். உன்னைய யாரு எடை பாக்கப் போறா? பேசாம தின்னு," என்றாள் மாயக்காள்.

முத்துமீனா இட்லித் தட்டை அவள் மடியில் வைத்தாள். எழுமலையில் கடைசிப் புள்ளியை எடுத்தது யார் என்று மற்றவர்கள் சண்டை போட ஆரம்பித்தார்கள். அது தான்தான் என்று சத்யப்ரியாவுக்குத் தெரியும். அவர்கள் குரலைக் கேட்டபடியே மெல்லச் சாப்பிட்டாள்.