வால்வுப் பெட்டியும் ஒரு காதுப் பரிசோதனையும்

மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் வீட்டுக் கூடத்தில், சன்னலோரம் நல்ல வெளிச்சம் விழும் இடத்தில், கிட்டாருக்கான பழைய வால்வு ஆம்ப்ளிஃபையர் பெட்டி ஒன்று மகாராணி மாதிரி உட்கார்ந்திருந்தது. அதன் பின்பக்கம் வால்வு என்கிற கண்ணாடிக் குழல்கள். சுவிட்சைப் போட்டால் அவை மெல்லச் சிவந்து, உடம்பு முழுக்கச் சூடேறி, அப்புறம்தான் பெட்டி வாயைத் திறக்கும். அதுவரை கடைக்காரர் கைகட்டி நிற்பார். தனக்காக ஒருநாளாவது இப்படி நின்றிருப்பாரா என்பது அவர் மனைவியின் மனக்குறை. அவளுடைய தையல் மெஷின் சமையலறையின் இருட்டு மூலையில் கிடந்தது. ஊசியில் நூல் கோப்பதற்குள் கண்ணில் தண்ணீர் வந்துவிடும்.

வீட்டுக்கு யார் வந்தாலும் சரித்திரம் தொடங்கிவிடும். “இதெல்லாம் ரேடியோ காலத்துக் குழல். சத்தத்தை ரொம்ப ஏத்தினா குரல் உடையும். செஞ்சவங்க அதைக் குறைன்னு நினைச்சாங்க. கிட்டார்காரங்க அந்த உடைசலைத்தான் உயிர்னு பிடிச்சுக்கிட்டாங்க.” இதைச் சொல்லும்போது அவர் குரலும் உடையும்.

மனைவியின் தம்பி பஸ் டிரைவர். அவனும் கிட்டார் வாசிப்பான். அந்தப் பெட்டியில் ஒரே ஒரு தடவை வாசித்துவிட வேண்டும் என்று அவனுக்குக் கொள்ளை ஆசை. கடைக்காரர் கிட்டவே விடவில்லை. கேட்டுக் கேட்டு அலுத்தவன், டிபன் டப்பா அளவில் ஒரு டிஜிட்டல் பெட்டி வாங்கிவிட்டான். பழைய பெட்டிகளின் குரலையெல்லாம் அதுவே பேசிக் காட்டும்.

“அத்தான், கண்ணை மூடிக் கேட்டா உங்களுக்கே வித்தியாசம் தெரியாது.”

“போடா! பெத்த தாய் குரல் பிள்ளைக்குத் தெரியாதா?”

“அப்ப பரிசோதனை வெச்சிடுவோம்,” என்றாள் மனைவி. “தோத்தா அந்த சன்னலோரம் என் தையல் மெஷினுக்கு.”

“தாராளமா!” என்றார் கடைக்காரர், தோற்கவே மாட்டோம் என்ற தைரியத்தில்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பெட்டியின் சுவிட்சைப் போட்டுவிட்டுக் குளித்து, சாமி கும்பிட்டுவிட்டு வந்தார். அதற்குள் கூடத்தில் கயிறு கட்டி, போர்வையைத் தொங்கவிட்டிருந்தார்கள். இரண்டு பெட்டிகளோடும் மச்சினன் போர்வைக்குப் பின்னால் இருந்தான். மாமனாரும் வேடிக்கை பார்க்க வந்து உட்கார்ந்திருந்தார்.

ஒரே மெட்டை இரண்டு தடவை வாசித்தான் மச்சினன். பிறகு, கடைக்காரர் தம் கடையில் கண் பரிசோதனையில் கண்ணாடி வில்லையை மாற்றி மாற்றிப் போட்டுக் கேட்கிற அதே ராகத்தில், “முதல்லதா, ரெண்டாவதா?” என்றான்.

“ரெண்டாவது! முதல்ல வந்தது தகர டப்பா. கடைசியில ஒரு பெருமூச்சு கேட்டுச்சே, கண்ணாடிக்குள்ள நெருப்பு எரிஞ்சாத்தாண்டா அது வரும்!”

போர்வையை விலக்கிக்கொண்டு மச்சினன் வெளியே வந்தான்.

“நீங்கதான் ஜெயிச்சீங்க அத்தான்.”

மனைவி போர்வையை மடிக்கத் தொடங்கினாள். கடைக்காரர் ஓடிப்போய்ப் பெட்டியின் தலையில் செல்லமாகக் கை வைத்தார். பச்சைத் தண்ணீர்ப் பானை மாதிரி ஜில்லென்று இருந்தது. மின்சார வயரைக் கண்ணால் தொடர்ந்து போனார். பிளக் தரையில் கிடந்தது. அது இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சார்ஜர்.

“பிடுங்கிடாதீங்க மாப்பிள்ளை,” என்றார் மாமனார். “என் போன் இன்னும் பாதிகூட ஏறல.”

கடைக்காரர் மச்சினனைப் பார்த்தார். அவன் காதோரம் வந்து முணுமுணுத்தான். “பெட்டி மூச்சே விடல அத்தான். செத்துப்போச்சோன்னு பயந்துட்டேன். எல்லார் முன்னாடியும் எப்படிச் சொல்றது? ரெண்டு தடவையும் என் டப்பாவுலயே வாசிச்சுட்டேன்.”

சும்மா இருந்தால் சன்னலோரம் அவருக்குத்தான். ஆனால் கடை ஞாபகம் வந்தது. கண் சரியாகத் தெரியாதவர்கள் பரிசோதனை அட்டையின் கடைசி வரி எழுத்துகளைக் குத்துமதிப்பாகத் தைரியமாய்ச் சொல்லிவிடுவார்கள். அவர் ஒருநாளும் சிரித்ததில்லை. பேசாமல் சரியான கண்ணாடியை மாட்டிவிடுவார். இன்று ஒருவன் அவருக்கு அதே மரியாதையைச் செய்திருக்கிறான். அதை வாங்கிக்கொண்டு மனைவியை இருட்டில் உட்கார வைப்பதா?

“நான் தோத்துட்டேன்,” என்றார் உரக்க.

“இல்லக்கா, அத்தான்தான் ஜெயிச்சார்!”

“தோத்துட்டேங்கறேன்!”

“நேத்துவரைக்கும் ஜெயிக்கச் சண்டை, இன்னைக்குத் தோக்கச் சண்டையா?” என்றாள் மனைவி. கணவர் நடந்ததைச் சொல்லி முடிப்பதற்குள் அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

மாமனாரின் அனுமதியோடு சார்ஜரைக் கழற்றிப் பிளக்கைச் செருகினார்கள். குழல்கள் சிவந்தன. “வாசிடா,” என்றார் கடைக்காரர். மச்சினன் மீட்டினான். பெட்டி தன் பழைய உடைந்த குரலில் பாடியது. அவன் முகம் விளக்கேற்றினாற்போல் ஆயிற்று. அந்த முகத்தைப் பார்த்தபிறகு பெட்டியை எங்கே வைப்பது என்று யாரும் யோசிக்க வேண்டியிருக்கவில்லை.

சாயங்காலம் பெட்டி மச்சினன் வீட்டுக்குப் புறப்பட்டது. கடைக்காரர் வேட்டி நுனியால் அதைத் துடைத்துத் துடைத்துச் சொன்னார்: “ஈரம் பட விடாதே. சூடேறாம பாடச் சொல்லாதே. முகம் வாடினா உடனே எனக்குச் சொல்லு.”

“என் பொண்ணை உங்க கையில குடுத்தப்பகூட நான் இவ்வளவு சொல்லலியே மாப்பிள்ளை,” என்றார் மாமனார்.

“சொல்லியிருக்கணும்ப்பா,” என்று சன்னலோரத் தையல் மெஷினிலிருந்து குரல் வந்தது.