செத்த இடம் இல்லாத கழுத்து

“அடுத்த பிறந்தநாள் வந்தா நான் உன்னைவிட மூத்தவ. கணக்குப் போட்டுப் பார்த்துட்டேன்.”

“யார் போட்ட கணக்கு?”

“நான் போட்டதுதான். கடிகாரம் பழுது பாக்கறவ கணக்கு என்னைக்காவது தப்பியிருக்கா? கல்யாணத்தப்போ உனக்கும் எனக்கும் ஆறு வருஷம் வித்தியாசம். இப்போ ஒரு வருஷம்கூட முழுசா இல்ல. நீ இப்படி உள்ளேயே கிடந்தா அதுவும் போயிடும். புருஷனுக்கு அக்காவா இருக்க எனக்கு இஷ்டமில்ல.”

இதைச் சொன்ன கடிகாரக்காரி, சாப்பாட்டு டப்பாவோடு இரும்புக் கேட்டுக்கு வெளியே நின்றிருந்தாள். தெரு முழுக்கக் கழுத்துக்காரன் என்று அழைக்கும் அவள் கணவன் வலது காலை மட்டும் கேட்டுக்கு வெளியே வைத்து நின்றபடி சாப்பிட்டுக்கொண்டிருந்தான். வீட்டுக்குள் அவனுக்குப் பசிக்காது. ஒரு காலையாவது வெளியே வைத்தால்தான் வயிற்றுக்குத் தன் வேலை ஞாபகம் வரும். இப்படி நின்று நின்று அவனுக்கு வலது கால் நகங்கள் மட்டும் வளர்ந்தன. இடது காலில் வெட்டுவதற்கு ஒன்றும் இருப்பதில்லை. தெருவில் யாரும் இதைப் பெரிதாகப் பேசுவதில்லை. அவளுடைய அண்ணன், எதிர்வீட்டில் தச்சுப் பட்டறை வைத்திருக்கும் மச்சான் மட்டும், மாப்பிள்ளைக்குச் செருப்பிலும் ஒன்றுதான் தேய்கிறது, சிக்கனமான மனுஷன் என்று ஒருமுறை சொன்னார்.

கழுத்துக்காரன் பேஸ் கிடார் செய்பவன். கிடாரின் உடம்பை யார் வேண்டுமானாலும் செய்துவிடலாம், கழுத்துதான் கிடார் என்பது அவன் கட்சி. அதிலும் பேஸ் கிடாரின் கழுத்து நீளமானது. நான்கு தடித்த கம்பிகள் ராவும் பகலும் இழுக்கும் இழுப்பை அது தாங்க வேண்டும். மரத்தில் செய்தால் எங்காவது ஓர் இடத்தில் சுரம் எழுந்த வேகத்திலேயே விழுந்துவிடும். தொழிலில் அதற்குச் செத்த இடம் என்று பெயர். எவ்வளவு பெரிய கைகாரன் செய்த மரக் கழுத்திலும் அப்படி ஒன்று ஒளிந்திருக்கும். அவனுக்கு அந்தப் பெயரைக் கேட்டாலே ஆகாது. அதனால் கார்பன் ஃபைபர் துணியை அச்சுக்குள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, பிசின் ஊற்றி, அழுத்தி, அடுப்பில் சுட்டு எடுத்தான். கன்னங்கரேலென்று வந்த அந்தக் கழுத்து மழைக்கு ஊதாது, வெயிலுக்கு வளையாது, மச்சான் செய்யும் மேஜைகளின் இழுப்பறை மாதிரி ஈரக்காற்று அடித்ததும் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்ளாது. தலை முதல் அடி வரை தட்டிப் பார்த்தும் செத்த இடம் ஒன்றுகூட அகப்படவில்லை.

ஒரு பிற்பகலில் அந்த முதல் கழுத்துக்குக் கம்பி பூட்டி, தடித்த கம்பியை ஒரே ஒரு முறை மீட்டினான். அந்தச் சுரம் நிற்கவில்லை. கம்பியை உள்ளங்கையால் அமுக்கினான். கம்பி நின்றது, சுரம் நிற்கவில்லை. கம்பிகளைக் கழற்றிச் சுருட்டி வைத்தான். கடைசியில் கிடாரையே ஓர் இசைக்குழுவுக்கு விற்று அனுப்பினான். வண்டி கிடாரை ஏற்றிக்கொண்டு போயிற்று, சுரம் கூடத்திலேயே தங்கிவிட்டது. காதைப் பிளக்கும் சத்தம் ஒன்றும் இல்லை. பக்கத்து அறையில் பெரிய பூனை ஒன்று நிம்மதியாகத் தூங்குகிற மாதிரி இருக்கும், அவ்வளவுதான். ஆனால் முன்னறையில் கடிகாரக்காரியின் மேஜையில் திறந்து கிடந்த கடிகாரங்கள் அத்தனையும் அந்த நொடியிலேயே நின்றுபோயின. சுரம் முடியாததால் அது பிறந்த நொடியும் முடிய மறுத்துவிட்டது என்று பிற்பாடு தெருவில் பேசிக்கொண்டார்கள். ஜன்னலோரம் வைத்த தேநீர் ஆறவில்லை. சுவரில் பூசிய பச்சைப் பெயின்ட் காயவில்லை. அடுப்பில் பிசின் மட்டும் எப்போதும்போல இறுகியது, அதற்குச் சூடு போதும், காலம் வேண்டியதில்லை.

கடிகாரக்காரி ஒரு மாதம் போராடினாள். கடிகாரங்களைக் கேட்டுக்கு வெளியே கொண்டுபோனால் ஓடும், உள்ளே கொண்டுவந்தால் நிற்கும். ராத்திரி முழுக்கப் படுத்து எழுந்தாலும் படுக்கும்போது இருந்த அலுப்பு அப்படியே இருக்கும், ஒரு சொட்டுக் குறையாது. அதனால் மேஜையையும், கண்ணில் இடுக்கிக்கொள்ளும் பூதக்கண்ணாடியையும், தலையணையையும் எடுத்துக்கொண்டு எதிரே அண்ணன் வீட்டுக்குக் குடிபோனாள். சண்டை சச்சரவு எதுவும் இல்லை. சத்தம் நின்னதும் ஒரு குரல் குடு, வந்துடறேன் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். கழுத்துக்காரனுக்கு அப்போது அது பெரிய விஷயமாகப் படவில்லை. பசி இல்லை, தூக்கம் இல்லை, கை வலி இல்லை. ஒருவன் மூன்று ஆள் வேலை செய்தான். அடுத்தடுத்த கழுத்துகளின் சுரம் இரண்டு மூன்று நாளில் ஓய்ந்துவிடும் அளவுக்குப் பக்குவமும் வந்தது. வாத்தியக்காரர்கள் வரிசையில் நின்று வாங்கிப் போனார்கள். அக்கம்பக்கத்தார் ஊருக்குப் போகும்போது பால் பாக்கெட்டை அவன் கூடத்தில் வைத்துவிட்டுப் போய், திரும்பி வந்து கறந்த பதத்தில் எடுத்துக்கொண்டார்கள். பூக்கடைக்காரர் மிச்சப் பூவைக் கொண்டுவந்து அடுக்கினார். ஓய்வு பெறப் போகிற ஓர் ஆசிரியை, மாடியில் அறை காலியாக இருக்கிறதா என்று வெட்கத்தோடு கேட்டுப் பார்த்தாள்.

வருடங்கள் தெருவில் ஓடின, வீட்டுக்குள் வரவில்லை. கடிகாரக்காரிக்குக் காதோரம் நரைத்தது. படிக்கிற கண்ணாடி போட்டாள். கல்யாணமான புதிதில் அவனை நீங்க, வாங்க என்று அழைத்தவள், வயது நெருங்க நெருங்க நீ, வா என்று இறங்கியிருந்தாள். யாரும் யோசித்துச் செய்ததில்லை, நாக்கு தன்பாட்டுக்கு இறங்கியது. போன வாரம் டப்பாவை நீட்டும்போது ‘இந்தாடா’ என்று வாய்வரை வந்துவிட்டதாக அவளே ஒப்புக்கொண்டாள். ஒருநாள் இருவரும் பேருந்தில் போகையில், தம்பிக்கு இன்னும் கல்யாணம் ஆகலையா என்று பக்கத்து இருக்கைக்காரர் அவளிடம் விசாரித்தார். கழுத்துக்காரன் அன்றைக்குச் சிரித்தான். கேட்டருகே அவள் கணக்குச் சொன்ன இன்றைக்குச் சிரிப்பு வரவில்லை. அவளுடைய மூக்குக்கண்ணாடிக்குப் பின்னால் கண்கள் பெரிதாகத் தெரிந்தன. அந்தக் கண்களோரம் விழுந்த கோடுகளில் ஒன்றுகூட விழும்போது அவன் பக்கத்தில் இல்லை. இப்படியே போனால் அவள் கிழவியாகும்போதும் தான் இதே கேட்டில் ஒற்றைக் காலை நீட்டிக்கொண்டு சோறு தின்றுகொண்டிருப்போம் என்று அவனுக்கு முதல்முறையாக உறைத்தது.

சுரம் சாக வேண்டுமானால் சாகத் தெரிந்த பொருளால்தான் முடியும் என்று அவனே முடிவுக்கு வந்தான். மச்சானின் பட்டறைக்குப் போய், தான் வருடக்கணக்காகக் கிண்டலடித்த மரத்தைக் கேட்டான். மச்சான் ரம்பத்தை நிறுத்திவிட்டு, காதில் விழவில்லை, இன்னொருமுறை சொல்லுங்கள் என்றார். இன்னொருமுறை சொன்னான். மூன்றாம்முறையும் சொல்லவைத்து, வேலையாட்களைக் கூப்பிட்டுக் கேட்கவைத்த பிறகுதான் மேப்பிள் பலகை ஒன்றைக் கொடுத்தார். பச்சை மரம், இன்னும் ஈரம் இருந்தது. அதை மூன்றாக அறுத்து, தன் வீட்டுக் கூடத்திலேயே அடுக்கி, காற்றுப்போக இடையில் மரச் சக்கை வைத்து, காயட்டும் என்று காத்திருந்தான். மழைக்காலம் போயிற்று, வெயில் காலம் வந்தது. ஈரம் பார்க்கும் கருவியை வைத்து வைத்துப் பார்த்தான், முள் அசையவில்லை. பலகையைக் கொடுத்த மச்சானைத்தான் குறை சொன்னான்.

மச்சான் கேட்டுவரை வந்து பார்த்துவிட்டு, இடுப்பில் கைவைத்துச் சிரித்தார். “காயைக் கொண்டுபோய் ஃப்ரிட்ஜுல வெச்சுட்டு, ஏன் பழுக்கலைன்னு பழக்காரன்கிட்ட சண்டைக்கு வர்ற ஆள் நீங்க ஒருத்தர்தான் மாப்பிள்ளை.”

அந்தக் காத்திருப்பில் அவனுடைய மூப்பு இன்னும் தேய்ந்துபோயிருந்தது. மனைவியைவிடச் சில வாரங்கள்தான் பெரியவன். அன்றைக்கே பலகைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு தெருவைக் கடந்தான், திரும்பிப் போகவில்லை. பட்டறையின் பின்னறையில், கடிகார அலமாரிகளுக்கு நடுவே மனைவி படுக்கை விரித்திருந்த இடத்தில் அவனுக்கும் இடம் கிடைத்தது. முதல் நாள் படுத்தவன் மறுநாள் உச்சிவெயிலுக்குத்தான் எழுந்தான். வருடக்கணக்கான தூக்கம் பாக்கி. பிறகு பசித்தது. முதுகு வலித்தது. சளி பிடித்து ஒரு வாரம் மூக்கைச் சிந்தினான், அதையும் ஏதோ விருது வாங்கியவன் மாதிரி தெருவில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தான். முன்னந்தலையில் முதல் நரை தெரிந்த அன்று கடிகாரக்காரி பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்து, ஆமாம், வெள்ளைதான் என்று உறுதி செய்தாள். ராத்திரி அலமாரிக் கடிகாரங்கள் ஒன்றுக்குப்பின் ஒன்றாக, ஒற்றுமை இல்லாமல் மணி அடிக்கும். அந்தச் சத்தத்தில் இருவரும் பேசிக்கொண்டே தூங்கிப்போவார்கள்.

பட்டறைக் காற்றில் பலகைகள் காய்ந்து முடிந்ததும், மரம் அவனை நன்றாக அலைக்கழித்தது. கார்பனில் இன்றைக்கு வைத்த அளவு நாளைக்கும் அப்படியே இருக்கும். மரத்தைச் செதுக்கி வைத்துவிட்டுப் போனால் காலையில் அது வேறு ஏதோ யோசனையில் இருக்கும். கொஞ்சம் சீவ வேண்டும், விட்டுவிட வேண்டும், அது திரும்பிப் படுத்தபின் இன்னும் கொஞ்சம் சீவ வேண்டும். நடுவில் வாய்க்கால் வெட்டி இரும்புக் கம்பியை இறக்கி, திருகாணியால் முறுக்கி வளைவைச் சரிசெய்ய வேண்டும். முதல் கழுத்து முறுக்கிக்கொண்டு வாழைப்பழத் தோல் மாதிரி ஆயிற்று; மச்சான் அதைக் கதவுக் கைப்பிடியாக்கிக்கொண்டார். இரண்டாவது பிளந்தது. மூன்றாவது நேராக நின்றது. கம்பி பூட்டி, சுரத்துக்கு ஒன்றாகக் கழுத்தின் குறுக்கே பிரித்த கட்டைகளில் ஒவ்வொன்றாக அழுத்தி மீட்டிக்கொண்டே வந்தான். மெல்லிய கம்பியின் ஆறாவது கட்டையில் சுரம் ‘தும்’ என்று எழுந்தது, கிணற்றில் போட்ட கல்லாக உள்ளே போய்விட்டது. பழைய கழுத்துக்காரனாக இருந்தால் அதை உடைத்து அடுப்பில் போட்டிருப்பான். இவன் அந்த இடத்தைக் கட்டைவிரலால் தடவிக் கொடுத்தான்.

சோதித்துப் பார்க்க வழியும் தானாக வந்தது. அவனிடம் கார்பன் கிடார் வாங்கிய தாடி என்கிற வாத்தியக்காரன் ஒரு புகாரோடு பட்டறைக்கு வந்தான். சனிக்கிழமை மண்டபத்தில் வாசித்தால் செவ்வாய்வரை சுரம் அங்கேயே நிற்கிறது, ஞாயிற்றுக்கிழமை வாசிக்க வருகிறவர்கள் நேற்றைய சுரத்துக்கு ஏற்பப் பாடவேண்டியிருக்கிறது, எல்லோரும் என்னைத்தான் திட்டுகிறார்கள் என்றான். கழுத்துக்காரன் அவனை அங்கேயே ஒரு சுரம் மீட்டச் சொன்னான். அது பட்டறை முழுக்க நின்றது, செவ்வாய்வரை நிற்கும் தோரணையில். கழுத்துக்காரன் மரக் கழுத்தை மடியில் வைத்து, ஆறாவது கட்டையில் மெல்லிய கம்பியை அழுத்தி ஒரே தட்டுத் தட்டினான். பட்டறையில் நின்ற சுரம் தலையைத் திருப்பிப் பார்த்ததுபோல ஒரு கணம் தயங்கிவிட்டு, அந்த இடத்துக்குள் இறங்கிப் போய்விட்டது. மரத்தூள் தரையில் விழும் சத்தம் கேட்டது. தாடி தன் கார்பன் கிடாரை அங்கேயே வைத்துவிட்டு, எனக்கும் மரத்திலேயே ஒன்று செய்துகொடுங்கள், செத்த இடம் நல்ல பெரிதாக இருக்கட்டும் என்றான்.

மறுநாள் மாலை, தெருவிளக்குகள் எரிவதற்கு முன்னால், கணவனும் மனைவியும் தெருவைக் கடந்தார்கள். அவன் கையில் மரக் கழுத்துக் கிடார். மச்சான் வழிவிட்டு, எனக்கு இழுப்பறை வேலை இருக்கிறது என்று உள்ளே போய்விட்டார். கடிகாரக்காரி கேட்டில் ஒரு கணம் நின்று, மணிக்கட்டில் கட்டியிருந்த கடிகாரத்தைக் கழற்றிக் கம்பியில் தொங்கவிட்டு, உள்ளே வந்தாள். வருடங்களுக்குப் பிறகு அந்தக் கூடத்தைப் பார்க்கிறாள். சுவரைத் தொட்டாள், விரலில் பச்சைப் பெயின்ட் ஒட்டியது. ஜன்னலோரத் தேநீரில் ஆவி பறந்துகொண்டிருந்தது. எடுத்து ஒரு வாய் குடித்தாள், சர்க்கரை தூக்கலாக இருக்கிறது என்றாள். பூக்கடைக்காரரின் கூடைகளை ஒதுக்கிவிட்டு ஜன்னலுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். இடுப்பைப் பிடித்திருந்த வலி, இன்றைக்குள்ள அளவோடு நின்றுகொண்டது. சுரம் அவர்களைச் சுற்றி எப்போதும்போல நின்றது, தன் கதை முடியப் போவது தெரியாமல்.

கழுத்துக்காரன் எதிரே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, கம்பிகளைச் சுருதி சேர்த்தான். அவள் கணக்குச் சொன்ன பிறந்தநாள் வந்துபோய்விட்டிருந்தது, அவன் இன்னும் மூத்தவனாகவே இருந்தான், சில வாரங்களுக்கு என்றாலும் மூத்தவன்தான். இனிமேல் இருவருக்கும் ஒரே வேகத்தில் வயதாகும். அதை நினைத்ததும் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. ஆறாவது கட்டையில் விரலை வைத்தான். வலது கையைத் தூக்கினான்.

“கொஞ்சம் இரு,” என்றாள் அவள்.

கை அந்தரத்தில் நின்றது. அவள் நாற்காலியில் சாய்ந்து, கால்களை நீட்டிக்கொண்டாள். கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு அவனைப் பார்த்தாள்; அப்படிப் பார்த்தால் அவளுக்கு அவன் முகம் மங்கலாகத்தான் தெரியும்.

“இங்க நல்லாத்தான் இருக்கு. அங்க அலமாரி நிறைய புத்தகம் படிக்காம கிடக்கு, அதை மட்டும் கேட்டுல கொண்டுவந்து குடுத்துடு. ஒரு ஆறு வருஷம் நான் இப்படியே உக்காந்துக்கறேன். அதுக்கப்புறம் வந்து இதை வாசிச்சு நிறுத்து, நம்ம பழைய கணக்கு சரியாயிடும். நான் இத்தனை வருஷம் உனக்காக வெளியே இருந்தேன்ல? நீயும் எனக்காக, போய்க் கொஞ்சம் வயசாகிட்டு வாயேன்.”