தூசிப் பக்கத்து அறை

“அந்தப் பக்கம் ரூம் வேணாம்மா. பகல் பூரா சத்தம், ஜன்னலைத் திறந்தா வாயெல்லாம் தூசி. அதே வாடகைக்குப் பின்பக்கம் தர்றேன்,” என்றார் லாட்ஜ் மேனேஜர்.

“எனக்குத் தூசிப் பக்கம்தான் வேணும்,” என்றாள் தையல்காரம்மா.

இப்படி ஒரு வாடிக்கையாளரை அவர் பார்த்ததில்லை போல. அடையாள அட்டையையும் அவள் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுத்தான் சாவியைக் கொடுத்தார். லிஃப்ட் உண்டு, ஓடாது. உச்சி மாடி வரைக்கும் பையைத் தூக்கிக்கொண்டு, முழங்காலைத் திட்டிக்கொண்டே ஏறினாள். கொடுத்த காசுக்கு அறை வஞ்சனையில்லாமல் இருந்தது. கட்டிலில் ஒரு ஆள் படுக்கலாம், புரள முடியாது. மின்விசிறிக்கு ஒரே வேகம், அதுவும் அதன் இஷ்டப்படி. குழாய் முதலில் இருமியது, அப்புறம்தான் தண்ணீர் விட்டது. இதையெல்லாம் அவள் பார்த்தாளா என்றால் இல்லை. நேரே போய் ஜன்னலைத் தள்ளினாள். அசைய மாட்டேன் என்றது. தோளைக் கொடுத்ததும் மனசு மாறித் திறந்துகொண்டது.

எதிரே ஒரு கட்டடம் பாதி வளர்ந்து நின்றது. அவள் மகளுக்கு அங்கேதான் வேலை.

வீட்டில் அவளுக்குப் பாப்பா என்றுதான் பேர். ஸ்டூலில் ஏறி பல்பை மாட்டச் சொன்னால் அழுகிற பாப்பா. கிரேன் ஓட்டுகிறேன் என்று போனில் சொன்னபோது, நடுரோட்டில் படுத்துவிட்ட லாரியைக் கட்டி இழுத்துப்போகுமே, அந்த மஞ்சள் வண்டி என்றுதான் வீட்டில் நினைத்துக்கொண்டார்கள். அப்பாவுக்கு அதுவே ஆகவில்லை. இப்போது நல்ல இடத்திலிருந்து சம்பந்தம் வந்திருக்கிறது. பெண் வேலையை விட்டுவிட வேண்டும், அது ஒன்றுதான் அவர்கள் கேட்பது. “போய் கையோட கூட்டிட்டு வா. நீ சொன்னாத்தான் கேப்பா,” என்று மனைவியைப் பஸ் ஏற்றிவிட்டார். வாஸ்தவம்தான், அம்மா சொல்லி அவள் தட்டியதில்லை. சாயங்காலம் வந்து சேருவதாகத்தான் மகளிடம் சொல்லியிருந்தாள். ஆனால் துணியைத் தொட்டுப் பார்க்காமல் கத்தரி வைக்கிற பழக்கம் தையல்காரம்மாவுக்கு இல்லை. அதனால் காலையிலேயே வந்து இறங்கிவிட்டாள்.

கீழே மஞ்சள் வண்டியைத் தேடினாள். வண்டிகள் நின்றன, எல்லாவற்றிலும் ஆண்கள். எங்கே போனாள் இவள்? அப்போதுதான் கட்டடத்தை ஒட்டி நின்ற இரும்புக் கோபுரத்துக்குள் யாரோ ஏணியில் ஏறி வருவது தெரிந்தது. கை எட்டாது, கூப்பிட்டால் கேட்கும் தூரம். கோபுரத்தின் உச்சியில் ஒரு கண்ணாடிக் கூண்டு, அதற்கு மேல் வானத்தின் குறுக்கே நீட்டிய இரும்புக் கை. ஏறுகிற ஆள் நடுவில் ஒரு தட்டில் நின்று, இரண்டு உள்ளங்கைகளையும் பேன்ட்டின் பின்பக்கம் துடைத்துக்கொண்டது. தையல்காரம்மா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். பயம் வந்தால் பாப்பாவுக்கு உள்ளங்கை வேர்க்கும். பரீட்சைக்குப் போகும்போதெல்லாம் இப்படித்தான் துடைத்துத் துடைத்துப் பாவாடையின் பின்பக்கத்தை அழுக்காக்குவாள்.

மகள் ஜன்னல் மட்டத்துக்கு வந்தாள். முகம் தெரிந்தது. உதடு எதையோ முணுமுணுத்துக்கொண்டிருந்தது. கூப்பிட வாயெடுத்த அம்மா, பிடி நழுவிவிடுமோ என்று தன் வாயைத் தானே பொத்திக்கொண்டாள். மகள் அவளைத் தாண்டி மேலே போனாள். மறுபடி நின்று கையைத் துடைத்தாள், மறுபடி ஏறினாள். பயம் விட்டுப்போய் ஏறவில்லை. பயத்தையும் தூக்கிக்கொண்டுதான் ஏறுகிறாள்.

கூண்டின் கதவு சாத்திக் கொஞ்ச நேரத்தில் இரும்புக் கை அசைந்தது. ஒரு பெரிய கம்பிக் கட்டு தரையைவிட்டு எழுந்து வந்தது. ஜன்னலுக்கு எதிரே வரும்போது காற்று ஒன்று குறுக்கே வீச, கட்டு ஆடத் தொடங்கியது. தளத்தில் நின்றவர்கள் விலகி ஓடினார்கள். “பிடிச்சு இழுடி!” என்று இவள் கத்தியே விட்டாள். மகள் இழுக்கவில்லை. கட்டு போன பக்கமே இரும்புக் கையையும் கொண்டுபோனாள். அது திரும்பியபோது கூடவே வந்தாள். ஆடுகிற தொட்டிலை வெடுக்கென்று நிறுத்தினால் பிள்ளை முழித்துக்கொள்ளும். தொட்டிலோடு கொஞ்ச தூரம் போய்த்தான் கை அதை நிறுத்தும். ஆட்டம் குறைந்து குறைந்து, அத்தனை கனமும் சொன்ன பேச்சு கேட்டு நின்றது. பிறகு மெல்ல இறங்கித் தளத்தில் உட்கார்ந்தது.

இவளையா நான் பெற்றேன்? தையல்காரம்மாவுக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. கும்பிட வேண்டும் போல இருந்தது, பெற்ற மகளைப் போய் யாராவது கும்பிடுவார்களா என்று வெட்கமாகவும் இருந்தது.

போன் அடித்தது. வீட்டுக்காரர்.

“பாத்தியா அவள?”

“பாத்தேன்.”

“சொல்லிட்டியா?”

“சொல்லல. சொன்னா கேட்டுருவா. அதாங்க பயமா இருக்கு.”

“என்னடி உளர்றே?”

“நீங்க கிளம்பி வாங்க. கட்டில்ல நீங்க படுத்துக்குங்க, நான் கீழ படுத்துக்கறேன். இந்த ஜன்னல்ல ஒரு காலை நேரம் நின்னு பாருங்க. பாத்துட்டு, இறங்கி வான்னு சொல்ல வாய் வந்தா நீங்களே சொல்லுங்க.”

அவர் போனை வைக்கவில்லை. அவளும் வைக்கவில்லை. வெளியே இரும்புக் கை அடுத்த சுமையோடு வானத்தில் மெதுவாகத் திரும்பிக்கொண்டிருந்தது. தளத்தில் இருந்த ஆண்கள் அத்தனை பேரும் கைவேலையை விட்டுவிட்டு, அண்ணாந்து, மகள் இறக்குவதற்காகக் காத்து நின்றார்கள்.